சோன் வந்துவிட்டது, புதுசா பழசா? கடல் பாக்டீரியாவில் ஆன்டிபயாட்டிக் தேடுவோருக்கு

கேள்வியின் சுருக்கம்: பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கும் தம்பி ஒருவர் உவரிக் கடலோரச் சேற்றிலிருந்து ஒரு ஆக்டினோமைசீட் (பூஞ்சைபோல் இழைவிட்டு வளரும் பாக்டீரியா வகை) பிரித்திருக்கிறார். எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் எடுத்த அதன் சாறு (எக்ஸ்ட்ராக்ட்) ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எதிராக 17 மி.மீ. சோன் (கிருமி வளராத வெற்று வட்டம்) காட்டுகிறது. ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறு எடை பார்க்கும் கருவி) ரிப்போர்ட்டில் நீளமாக ஒரு பெயர்ப்பட்டியல் வந்திருக்கிறது. 'இது புது ஆன்டிபயாட்டிக்கா? இல்லையென்றால் எப்படித் தேடியிருக்க வேண்டும்? கிளெப்சியெல்லா மாதிரி கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவைக் (வெளிச்சவ்வு கூடுதலாக உள்ள வகை) கொல்லும் ஒன்று கிடைக்க வழி உண்டா?' என்று கேட்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பதை வைத்து 'புதுசு' என்று சொல்ல ஆதாரம் இல்லை, பழையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காகப் பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கொல்கிற பாக்டீரியாவைப் பிடிப்பது இந்த வேலையில் சுலபமான பாதி. கொல்வது எது, அது ஏற்கெனவே பெயர் வைத்த சரக்கா என்று சீக்கிரமாக, கைக்காசு கரையுமுன் கண்டுபிடித்துத் தள்ளுவதுதான் கஷ்டமான பாதி. ஆறு மாத புராஜெக்ட்டில் பெரும்பாலோர் ஐந்து மாதத்தை முதல் பாதிக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

ஏன் பழையதாக இருக்கும் என்கிறேன்? மண்ணிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஆக்டினோமைசீட்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசின் செய்யும், நூற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின், ஆயிரத்தில் ஒன்று டெட்ராசைக்ளின். டாப்டோமைசின் மாதிரி ஒன்று கிடைப்பது கோடியில் ஒன்று என்ற கணக்கு. கடலுக்குப் போவதன் நோக்கமே இந்தப் பழைய கூட்டத்திலிருந்து விலகுவதுதான். அதற்குப் பலன் கிடைத்திருக்கிறது. 1966-இல் கடற்புல் மீதிருந்த ஒரு பாக்டீரியத்திலிருந்து பென்டாபுரோமோசூடிலின் வந்தது. அந்த மூலக்கூறின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் புரோமின். 2004-இல் ஜப்பான் கடலில் 289 மீட்டர் ஆழத்துப் படிவிலிருந்த வெருக்கோசிஸ்போராவில் அபிஸ்ஸோமைசின், 2013-இல் கலிபோர்னியாக் கரையோரப் படிவின் ஸ்ட்ரெப்டோமைசிஸில் ஆந்த்ராசிமைசின். ஆனால் கடலில் கிடைப்பதெல்லாம் கடல் உயிரி ஆகிவிடாது. நம் பக்கம் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி புன்னைக்காயலில் எவ்வளவு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டலோடு வயல் மண்ணின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்போர்களும் கடலுக்குப் போய், முளைக்காமல் சும்மா கிடக்கும். நம்பியாறு ஓடிவரும் நாட்களில் உவரிப் பக்கமும் இதே கதை. நீங்கள் எடுத்தது அப்படி வந்த விருந்தாளியா என்று பார்க்க மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒரே மீடியத்தை மூன்று விதமாக ஊற்றுங்கள்: கடல்நீரில் ஒன்று, டிஸ்டில்ட் வாட்டரில் ஒன்று, டிஸ்டில்ட் வாட்டரில் 2.5 சதவீதம் சோடியம் குளோரைடு சேர்த்து ஒன்று. மூன்றிலும் ஒரே மாதிரி வளர்ந்தால் கரையிலிருந்து வந்ததாக இருக்கலாம். கடல்நீரில் மட்டும் வளர்ந்தால் அந்தப் பிளேட்டைப் பத்திரப்படுத்துங்கள். சாலினிஸ்போரா என்ற கடல் ஆக்டினோமைசீட் கடல்நீர் இல்லாமல் வளராது என்பதுதான் அதை முதலில் தனியாகக் காட்டிக்கொடுத்தது.

எங்கே எடுப்பது? உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக் கரையோரம் அலை புரட்டும் கார்னெட் மணலில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பருமணல், தினமும் கழுவப்படுகிறது, உயிரிகள் ஒட்ட இடம் குறைவு. மென்சேறு வேண்டும். நாட்டுப்படகுக்காரரிடம் கேட்டால் பத்துப் பாகம், பதினைந்து பாகம் என்று ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லி, எங்கே சேறு, எங்கே பார் (பாறைத்திட்டு) என்று துல்லியமாகக் காட்டுவார். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற ஆனி, ஆடியில் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். மாசி, பங்குனி நல்லது, கடலும் அடங்கியிருக்கும், ஆற்று வண்டலும் குறைந்திருக்கும். புன்னைக்காயல் அலையாத்திச் சேறும், ஆறுமுகநேரி, தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களின் அடிச்சேறும் வேறு கூட்டத்தைத் தரும். தனியாக எடுத்து வையுங்கள், கலக்காதீர்கள்.

வலையில் சிக்கி வரும் கடற்பஞ்சு இன்னும் நல்ல இடம். கழிமீனோடு சேர்த்து வீசிவிடுவார்கள். ஆனால் பவளம், கடல் அட்டை இரண்டையும் தொடாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை, வலையில் தானாக வந்தது என்பது பதில் ஆகாது. கடற்பஞ்சிலும் சட்டத்தின் கீழ் வரும் வகைகள் உண்டு, எடுக்குமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. கூடங்குளம் வளாகத்தை ஒட்டிய கடலுக்கும் போக வேண்டாம். வெளிநாட்டுக் கூட்டாளிக்கு ஸ்ட்ரெய்ன் அனுப்புவதானாலும், பின்னாளில் காப்புரிமை கேட்பதானாலும் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டியிருக்கும். அதனால் இடம், ஆழம், தேதி, உப்புத்தன்மை எல்லாவற்றையும் முதல் நாளே நோட்டில் எழுதிவிடுங்கள்.

எடுக்கும் முறை எளிது. இரண்டு அங்குல பிவிசி குழாயை ஆல்கஹாலில் துடைத்துச் சேற்றில் இறக்குங்கள், அல்லது கிராப்பில் (சேறு அள்ளும் கவ்வி) வந்ததன் நடுப்பகுதியை ஸ்டெரைல் கரண்டியால் எடுங்கள். குழாய்ச் சுவரில் உரசியதை ஒதுக்கிவிடுங்கள். 50 மி.லி. ஸ்டெரைல் டியூபில் முக்கால் அளவுக்கு நிரப்பி ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். அன்றே லேபுக்கு வர வேண்டும். அதே இடத்துக் கடல்நீரை ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவாருங்கள், வடிகட்டி மீடியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு 'கடல்நீர்' ஆக்குவதில் ஒரு நஷ்டம் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 65 மி.கி. புரோமைடு இருக்கும். அது கிடைக்காத மீடியத்தில் பாக்டீரியம் புரோமின் ஏறிய மூலக்கூறை எங்கிருந்து செய்யும்?

லேபில் சேற்றைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியை லேமினாரில் பெட்ரி பிளேட்டில் பரப்பி ஒரு நாள் உலர விட்டு, ஸ்டெரைல் உரலில் நுணுக்குங்கள். உலர்த்தும்போதே வேகமாக வளரும் கிராம்-நெகட்டிவ் கூட்டம் பெரிதும் செத்துவிடும். மறு பாதியில் ஒரு கிராமை 9 மி.லி. ஸ்டெரைல் கடல்நீரில் கலக்கி 55 °செ. வாட்டர்பாத்தில் ஆறு நிமிடம். ஆறு நிமிடம் என்றால் ஆறுதான், நீட்டினால் பேசில்லஸ் ஸ்போர்கள்தான் மிஞ்சும், மறுநாள் பிளேட் முழுக்க அது படர்ந்துவிடும். பிறகு பத்தில் ஒன்றிலிருந்து பத்தாயிரத்தில் ஒன்று வரை டைல்யூட் செய்து, பிளேட்டுக்கு 0.1 மி.லி. பரப்புங்கள்.

மீடியத்தில் ஒன்றோடு நிற்காதீர்கள். சோபெல் மரைன் அகாரை முழு அளவில் மட்டும் போட்டால் எல்லோருக்கும் கிடைப்பதே உங்களுக்கும் கிடைக்கும். மூன்று போதும்: ஸ்டார்ச் கேசின் அகார், எம்1 எனப்படும் கலவை, அதாவது லிட்டர் கடல்நீருக்கு ஸ்டார்ச் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 4, பெப்டோன் 2, அகார் 18, மூன்றாவது, உணவே இல்லாமல் கடல்நீரில் 18 கிராம் அகார் மட்டும். கடைசியில் சொன்னது பட்டினி பிளேட். அதில் வருவதெல்லாம் மெதுவாக, ஊசிமுனை அளவில் வரும். ஆனால் மற்ற இரண்டிலும் வராத முகங்கள் அங்கேதான் தெரியும். எல்லாவற்றிலும் சைக்ளோஹெக்சிமைடு மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் பூஞ்சைக்கும், நாலிடிக்சிக் ஆசிட் 20 மைக்ரோகிராம் கிராம்-நெகட்டிவுக்கும். சைக்ளோஹெக்சிமைடு நமக்கும் விஷம், கிளவுஸ் இல்லாமல் எடை போடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: பாஸ்பேட்டையும் அகாரையும் ஒன்றாக ஆட்டோகிளேவ் செய்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், கூச்சமுள்ள பாக்டீரியா அதில் தலை காட்டாது. தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து, 55 டிகிரிக்கு ஆறிய பின் கலக்குங்கள். கடல்நீரோடு பாஸ்பேட் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படிவதும் இதனால் குறையும்.

இன்குபேட்டர் விஷயத்தில் நம் ஊர் வெயில் ஒரு வில்லன். சாதாரண இன்குபேட்டர் சூடாக்கும், குளிர வைக்காது. சித்திரையில் அறையே 36 டிகிரி இருக்கும்போது டயலில் 28 வைத்து ஒரு பயனும் இல்லை. குளிரூட்டும் பிஓடி இன்குபேட்டர் வேண்டும். பிளேட்டுக்கு 25 முதல் 30 மி.லி. வரை தடிமனாக ஊற்றி, பாராஃபிலிம் சுற்றி, உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் ஆறு வாரம் காயாமல் தாங்கும். ஆமாம், ஆறு வாரம். ஐந்தாம் நாள் வந்ததை மட்டும் பொறுக்குவோர் ஸ்ட்ரெப்டோமைசிஸும் பேசில்லஸும்தான் பொறுக்குவார்கள். ஒவ்வொரு வாரமும் பிளேட்டின் அடியில் புதிதாக வந்ததை மார்க்கரில் வாரத்துக்கொரு நிறத்தில் வட்டமிடுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பின் வந்த வட்டங்களுக்கே முன்னுரிமை.

காலனியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆக்டினோமைசீட் அகாருக்குள் வேர்விட்டிருக்கும், லூப்பால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வராது, ஊசியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்றால் மேலே காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொடி, மூடியைத் திறந்தால் முதல் மழையின் மண்வாசனை. சாலினிஸ்போராவில் பொடி இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் தோல் மாதிரி சுருங்கி, நாளாக ஆக ஓரம் கறுக்கும். 'அழகாகப் பொடி பூத்திருக்கிறது' என்று ஸ்ட்ரெப்டோமைசிஸையே எடுக்கும் ஆசையை அடக்குங்கள்.

தூய கல்ச்சர் கிடைத்த அன்றே 20 சதவீத கிளிசராலில் ஐந்து டியூப் போட்டு மைனஸ் 80-இல் வையுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் நீள்வடிவம், அதன் முனைகள் அடிக்கடி உதிரும். பிளேட் மாற்றிப் பிளேட் மாற்றி வளர்த்தால் பொடி பூப்பது நிற்கும், கூடவே மருந்து செய்வதும் நிற்கும். 'போன மாதம் சோன் வந்தது, இப்போது வரவில்லை' என்ற புலம்பலுக்குப் பாதி காரணம் இதுதான். உறைவித்த டியூபிலிருந்து இரண்டு, மூன்று மாற்றத்துக்கு மேல் போகாதீர்கள்.

இனி சோன். முதல் கட்டத்துக்கு 6 மி.மீ. கார்க் போரரில் வெட்டிய அகார் பிளக் போதும். ஐஎஸ்பி-2, எம்1, ஸ்டார்ச் கேசின் என்று மூன்று மீடியத்தில் வளர்த்து, ஐந்தாம், எட்டாம், பன்னிரண்டாம் நாள் பிளக் எடுத்து, டெஸ்ட் ஸ்ட்ரெய்ன் பரப்பிய முல்லர்-ஹின்டன் அகாரில் தலைகீழாக வையுங்கள். நான்கு டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மருந்து பரவ விட்டு, பிறகு 35 டிகிரி. டெஸ்ட்டுக்கு ஏடிசிசி (தரப்படுத்திய கல்ச்சர் வங்கி) எண்கள் கொண்ட 29213 ஸ்டாஃப் (ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்), 25922 ஈ.கோலை, 27853 சூடோமோனாஸ் மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இவை நோய்க்கிருமிகள், பயோசேஃப்டி இரண்டாம் நிலை ஒழுங்கு உள்ள லேபில்தான் கையாள வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐசோலேட்டைக் கல்லூரி பெஞ்சில் வைத்து விளையாடாதீர்கள்.

டெஸ்ட் பிளேட்டையும் கடல்நீரிலேயே ஊற்றுபவர்கள் உண்டு. அது தவறு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 1,290 மி.கி. மக்னீசியம், 410 மி.கி. கால்சியம். டெஸ்ட்டுக்கான முல்லர்-ஹின்டன் பிராத்தில் இருக்க வேண்டியது மக்னீசியம் 10 முதல் 12.5, கால்சியம் 20 முதல் 25 மி.கி. மட்டுமே. அவ்வளவு மக்னீசியத்தில் ஜென்டாமைசின் மாதிரி அமினோகிளைகோசைடும் டெட்ராசைக்ளினும்கூட வலுவிழந்துவிடும். உங்கள் காலனி அருமையான ஒன்றைச் செய்தாலும் பிளேட்டில் தெரியாது. உற்பத்திக்குக் கடல்நீர், சோதனைக்கு நன்னீர் மீடியம் என்று பிரித்துவிடுங்கள்.

சோன் வந்தால் அது பொய்யா என்று பார்ப்பது அடுத்த வேலை. பொய் சோன் பல வகை. பாக்டீரியம் விட்ட அமிலம் ஒன்று: பிளக் வைத்த இடத்தில் பிஹெச் தாளை ஒட்டிப் பாருங்கள், ஐந்துக்குக் கீழே போனால் சந்தேகம். ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னொன்று: கடலின் சூடோஆல்ட்டரோமோனாஸ் போன்றவை அமினோ ஆசிடைச் சிதைக்கும்போது இதை விடும், கேட்டலேஸ் ஒரு சொட்டு விட்டால் சோன் மறையும். புரதமாக இருந்தால் புரோட்டினேஸ்-கே போட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்ததும் போய்விடும். அது குப்பை என்று சொல்லவில்லை, பாக்டீரியோசின் தனி ஆராய்ச்சி. ஆனால் எத்தில் அசிடேட்டில் வராது. டிஸ்க்கில் ஈரமாக மிஞ்சிய கரைப்பானே கொல்வதும் சகஜம். ஆகவே கரைப்பான் மட்டும் ஏற்றிய டிஸ்க், கல்ச்சர் போடாத வெறும் மீடியத்தை அதே மாதிரி எக்ஸ்ட்ராக்ட் செய்த டிஸ்க், இந்த இரண்டு கன்ட்ரோலும் இல்லாத சோன் படத்தை நான் பொருட்படுத்த மாட்டேன்.

சோனின் அகலம் வீரியத்தைச் சொல்லாது. 17 மி.மீ. என்பது டிஸ்க்கில் எவ்வளவு ஏற்றினீர்கள், மூலக்கூறு எவ்வளவு வேகமாக அகாரில் பரவுகிறது என்ற இரண்டின் கலவை. வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, மெதுவாகப் பரவும். அதனால்தான் ஸ்டாஃபுக்கு அதை டிஸ்க்கில் சோதித்து நம்ப முடியாது. வேண்டியது எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு. 96 குழி பிளேட்டில் மி.லி.க்கு 128 மைக்ரோகிராமிலிருந்து பாதி பாதியாகக் குறைத்து, கடைசியில் மி.லி.க்கு 5 லட்சம் செல், டிஎம்எஸ்ஓ ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல், 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். பக்கத்திலேயே வான்கோமைசின் ஓட்டுங்கள். 29213-க்கு அது 0.5 முதல் 2 மைக்ரோகிராமுக்குள் வராவிட்டால் அன்றைய பிளேட் முழுவதும் செல்லாது. கச்சா எக்ஸ்ட்ராக்ட் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே தடுத்தால் தொடரலாம். மி.லி.க்கு 5 மி.கி. என்று எழுதிவிட்டு 'சிறந்த செயல்திறன்' என்று முடிக்கும் கட்டுரைகளை முன்மாதிரியாக எடுக்காதீர்கள், அந்த அளவில் சமையலறை மசாலாவும் ஸ்டாஃபைத் தடுக்கும்.

எக்ஸ்ட்ராக்ஷன்: 28 டிகிரியில் 160 ஆர்பிஎம் ஷேக்கரில் ஏழு நாள். 500 மி.லி. பிளாஸ்க்கில் 100 மி.லி.க்கு மேல் ஊற்றினால் காற்று போதாது. செல்லைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, மேல்நீரைச் சம அளவு எத்தில் அசிடேட்டில் இரண்டு முறை குலுக்குங்கள். குலுக்கி வைத்ததும் நடுவில் நுரை மாதிரி ஒரு வெள்ளை அடுக்கு நின்று பிரிய மறுக்கும். உப்பு சேர்த்து அரை மணி விடுங்கள், பிரியாவிட்டால் அந்த அடுக்கை மட்டும் சென்ட்ரிஃபியூஜில் போடுங்கள். கரைப்பான் அடுக்கை நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்ற வையுங்கள். செல் உருண்டையையும் மெத்தனாலில் ஊற வைத்துச் சோதியுங்கள், நிறமுள்ள பல மூலக்கூறுகள் அங்கேதான் தங்கும். பிரித்து எடுத்த நீர்ப்பகுதியைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பெரிய அளவுக்குப் போகும்போது கரைப்பானுக்குப் பதில் எக்ஸ்ஏடி-16 பிசினை லிட்டருக்கு 20 கிராம் போட்டுக் குலுக்கி, துணியில் வடித்து, தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, மெத்தனாலில் இறக்குவது மலிவு. எந்தக் கட்டத்திலும் கரைப்பானைச் சாதா பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள், கண்ணாடி மட்டும்.

காரணம் அந்த ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். அந்தப் பட்டியலில் தாலிக் ஆசிட் எஸ்டர் ஒன்றோ இரண்டோ இருக்கிறதா? அது பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது. ஹெக்சாடெகனாயிக் ஆசிட்? எந்தச் செல்லின் சவ்விலும் உள்ள கொழுப்பு. ஹெக்ஸாஹைட்ரோ-3-(2-மெத்தில்புரோப்பைல்)-பிர்ரோலோ[1,2-ஏ]பைரசின்-1,4-டையோன் என்று வாய் நிறைய ஒரு பெயர் இருக்கிறதா? அதன் எளிய பெயர் சைக்ளோ(லியூசின்-புரோலின்). பெப்டோன் போட்டுச் சூடாக்கிய மீடியத்தில் கல்ச்சர் இல்லாமலே கிடைக்கும். 'கடல் ஸ்ட்ரெப்டோமைசிஸின் உயிர்ச்செயல் மூலக்கூறு' என்று இந்த மூவரும் எத்தனையோ கட்டுரைகளில் வலம் வருகிறார்கள். ஆவியாகக்கூடிய சின்ன மூலக்கூறுகளைத்தான் ஜிசி காணும். ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் ஆவியாகாது, ஊசியிலேயே கருகும். கொல்கிற சரக்கு அந்தப் பட்டியலில் இல்லாமலே இருக்கலாம். அந்தக் காசை, ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து எடை பார்க்கும் எல்சி-எம்எஸ்ஸில் போட்டிருக்க வேண்டும்.

அதற்கு முன் டிஎல்சி பயோஆட்டோகிராஃபி (தகட்டில் பிரித்து, எந்தப் பொட்டு கொல்கிறது என்று பார்ப்பது) செய்யுங்கள், செலவு சில நூறு ரூபாய்தான். சிலிக்கா தகட்டில் எக்ஸ்ட்ராக்ட்டைப் பொட்டு வைத்து, குளோரோஃபார்ம்-மெத்தனால் ஒன்பதுக்கு ஒன்றில் ஓட்டி, கரைப்பான் முழுதாகப் பறந்தபின் ஸ்டாஃப் கலந்த 0.7 சதவீத மென் அகாரை மேலே ஊற்றுங்கள். ஓர் இரவு கழித்து எம்டிடி தெளித்தால் உயிருள்ள இடம் ஊதாவாகும், கொன்ற இடம் வெளிறி நிற்கும். எத்தனை பொட்டு, எந்த உயரம், அதற்கு நிறம் உண்டா, யூவியில் ஒளிர்கிறதா என்று ஒரே நாளில் தெரியும். அந்தப் பொட்டை மட்டும் சுரண்டி எல்சி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள். மொத்த எக்ஸ்ட்ராக்டை அனுப்பினால் நூறு பீக் வரும், எது கொன்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்சி-எம்எஸ்ஸிலிருந்து எடை எண் (எம்/இசட்) வந்ததும் பழைய ஆட்களோடு ஒப்பிடுங்கள். எம்/இசட் 1255.6, மஞ்சள்-ஆரஞ்சு நிறம், 440 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சல் என்றால் ஆக்டினோமைசின்-டி. ஸ்டாஃபை அசுரத்தனமாகக் கொல்லும், சோன் பார்ப்பவர் மயங்கிப்போவார், மனித செல்லையும் அப்படியே கொல்லும். 1008, 1022, 1036 என்று பதினான்கு பதினான்காக ஏறினால் பேசில்லஸின் சர்ஃபாக்டின், பிளாஸ்க்கில் நுரை பொங்கியிருக்கும், இரத்த அகாரில் சிவப்பணுவைக் கரைத்திருக்கும். 324, சிவப்பு: புரோடிஜியோசின். 344, ஊதா: வயலாசின். 225: பினசின்-1-கார்பாக்சிலிக் ஆசிட், சூடோமோனாஸ் சரக்கு. 391-உம் 413-உம் சேர்ந்து வந்தால் பிளாஸ்டிக் தாலேட். இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால் ஜிஎன்பிஎஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் எம்எஸ்-எம்எஸ் கோப்பை (மூலக்கூறை உடைத்துப் பார்த்த பதிவு) ஏற்றுங்கள், இலவசம். நேச்சுரல் புராடக்ட்ஸ் அட்லஸிலும் எடையைத் தேடலாம், அதுவும் இலவசம். எடை தசமம் நான்கு இடம் வரை துல்லியமாக இருந்தால்தான் தேடலுக்கு அர்த்தம்.

கூடவே இனம் அறிய உதவும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தி ஈஸிபயோகிளவுட் தரவுத்தளத்தில் பாருங்கள். நெருங்கிய இனத்தோடு 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது இனமாக இருக்கலாம். ஆனால் புது இனம் பழைய மருந்தைச் செய்யும், பழைய இனம் புது மருந்தைச் செய்யும், இரண்டுக்கும் கட்டாய உறவு இல்லை. கைடிடம் பணம் இருந்தால் முழு ஜீனோம் எடுத்து ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் போடுங்கள். ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸில் இருபது முப்பது மருந்து-மரபணுக் கூட்டங்கள் தெரியும், பெரும்பாலானவை லேபில் தூங்கும். மீடியத்தை மாற்றுவது, கடல்நீர் சதவீதத்தை மாற்றுவது, பக்கத்தில் இன்னொரு பாக்டீரியத்தை வளர்ப்பது எல்லாம் அவற்றை எழுப்பும் முயற்சிகள்தான்.

இத்தனையும் தாண்டிய பின்புதான் தூய்மைப்படுத்துவது. சி18 காலமில் (பிரிப்புக் குழாயில்) தண்ணீர்-அசிட்டோநைட்ரைல் கிரேடியன்ட், ஒவ்வொரு பின்னத்துக்கும் பயோஅஸ்ஸே. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆருக்குத் தூய சரக்கு 2 முதல் 5 மி.கி. வேண்டும், அதற்குப் பத்து லிட்டர் கல்ச்சர் கேட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் இதுவரை வர வேண்டியதில்லை. உங்கள் உவரி ஸ்ட்ரெய்னுக்கு நான்கு வாரம் போதும்: கிளிசரால் ஸ்டாக், வெறும்-மீடியம் கன்ட்ரோல், டிஎல்சி பொட்டு, எம்ஐசி, அந்தப் பொட்டின் எல்சி-எம்எஸ். 'இது ஆக்டினோமைசின்தான்' என்று ஆதாரத்தோடு எழுதிய ரிப்போர்ட், இருபது ஜிசி பெயர்களை ஒட்டிய ரிப்போர்ட்டைவிட வைவாவில் உறுதியாக நிற்கும்.

கிளெப்சியெல்லா கேள்விக்கு வருகிறேன். கிராம்-நெகட்டிவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதல், உள்ளே நுழைந்ததை வெளியே தள்ளும் பம்பும் உண்டு. எத்தில் அசிடேட்டில் கரையும் கொழுப்பு நாட்டமுள்ள மூலக்கூறுகள் பெரும்பாலும் இந்த இரண்டிடமும் தோற்கும். அதனால் எல்லோருக்கும் ஸ்டாஃப் சோன் மட்டும் வருகிறது. பம்பு இல்லாத டோல்-சி மியூட்டன்ட் ஈ.கோலையைச் சேர்த்துச் சோதியுங்கள். சாதா ஈ.கோலை பிழைத்து மியூட்டன்ட் செத்தால் உங்கள் மூலக்கூறு உள்ளே போகிறது, பம்பு வெளியேற்றுகிறது என்று பொருள்.

வெளிச்சவ்வைத் தாண்டும் பல மூலக்கூறுகள் நேர்மின்சுமை கொண்ட, நீரில் கரையும் ரகம். அவை எத்தில் அசிடேட்டுக்கு வராமல் நீங்கள் எடுத்து வைத்த நீர்ப்பகுதியிலேயே நிற்கும். அதில் மிஞ்சிய எத்தில் அசிடேட்டை வெற்றிடத்தில் போக்கி ஈ.கோலைமீது சோதியுங்கள். சோன் வந்தால் முதல் சந்தேகம் அந்தப் பத்தில்-ஒன்று ஆசாமி ஸ்ட்ரெப்டோத்ரிசின்மீது, அடுத்தது அமினோகிளைகோசைடுகள்மீது. இதற்கு மாஸ் கருவிகூட வேண்டாம். நூர்சியோத்ரிசின் (ஸ்ட்ரெப்டோத்ரிசின் குடும்பம்தான்) தடுப்பு மரபணு ஏற்றிய ஈ.கோலையையும், கனமைசின் தடுப்புப் பிளாஸ்மிட் ஏற்றிய ஈ.கோலையையும் மாலிகுலர் பயாலஜி லேபில் கேட்டு வாங்கி, சாதா ஈ.கோலையோடு மூன்று பிளேட்டில் ஒரே சாம்பிளை வையுங்கள். முதலாவதில் சோன் மறைந்தால் ஸ்ட்ரெப்டோத்ரிசின், இரண்டாவதில் மறைந்தால் கனமைசின் குடும்பம். மூன்றிலும் சோன் அப்படியே நின்றால், அந்த நீர்ப்பகுதியை ஐஆர்சி-50 அயனிப் பிசினில் ஏற்றிக் கழுவி, நீர்த்த அம்மோனியாவில் இறக்கி, அம்மோனியாவை முழுதாகப் போக்கிய பின் எல்சி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள்.